கஃபே வைஃபையில் கணக்கைப் பறிகொடுக்காமல் இருக்க

போன மாதம் பெங்களூரு கோரமங்களாவில் ஒரு கஃபேயில் உட்கார்ந்திருந்தேன். தங்கியிருக்கும் பிஜி விடுதியில் கரண்ட் இல்லை, மொபைலில் அன்றைய டேட்டாவும் காலி. வைஃபை பட்டியலைத் திறந்தால் கடைப் பெயரில் இரண்டு தெரிந்தன. ஒன்று பூட்டுப் படத்தோடு, இன்னொன்று அதே பெயருக்குப் பின்னால் 'ஃப்ரீ' என்று சேர்த்து, பூட்டு இல்லாமல். பாஸ்வேர்டு கேட்கச் சோம்பல்பட்டு இரண்டாவதைத் தொட்டேன். உடனே ஒரு பக்கம் திறந்து, ஜிமெயில் கணக்கில் நுழையச் சொன்னது. லோகோ, நீல பட்டன் எல்லாம் அச்சு அசல் கூகுள். மெயில் ஐடியை அடித்து, பாஸ்வேர்டில் நாலு எழுத்தும் அடித்த பிறகுதான் உறைத்தது, எப்போதும் தானே வந்து நிரப்பிவிடுகிற பாஸ்வேர்டு மேனேஜர் இன்றைக்கு ஏன் சும்மா இருக்கிறது என்று. மேலே முகவரியைப் பார்த்தேன். கூகுள் என்ற சொல்லே அதில் இல்லை.

கவுண்டரில் இருந்த தம்பி கிருஷ்ணகிரிக்காரன். கேட்டதும் சிரித்துவிட்டு, "அண்ணா, நம்மகிட்ட ஒரே வைஃபைதான், பாஸ்வேர்டு பில்லுலயே இருக்கும் பாருங்க" என்றான்.

பொது வைஃபை என்றாலே பக்கத்து மேஜையில் முக்காடு போட்ட ஹேக்கர் ஒருவர் காற்றில் போகும் பாஸ்வேர்டைப் பிடிப்பதாக நாம் கற்பனை செய்கிறோம். ஒரு காலத்தில் அது நிஜம்தான். 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வந்தது. அதைப் போட்டால், அதே வைஃபையில் இருப்பவர்களின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழையலாம், பாஸ்வேர்டே வேண்டாம். குக்கீயை நகல் எடுப்பதுதான் சூட்சுமம். குக்கீ என்பது நாம் லாகின் செய்ததும் தளம் நம் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும் அடையாளம், கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரி, யார் கொண்டு வந்து நீட்டினாலும் செருப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கூத்துக்குப் பிறகு பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக, தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு முழுக்க மாறின, 2018 ஜூலையிலிருந்து எச்டிடிபிஎஸ் இல்லாத தளங்களை 'நாட் செக்யூர்' என்று குரோம் காட்டிக்கொடுக்கவும் ஆரம்பித்தது. இன்றைக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது வைஃபைக்காரருக்குத் தெரியலாம், உள்ளே என்ன அடிக்கிறீர்கள் என்பது தெரியாது. ஆகவே இப்போது திருடுகிறவர்கள் வேறு வழி பிடித்திருக்கிறார்கள்: நம் கையாலேயே நம்மை அடிக்க வைப்பது.

அதனால் முக்கால்வாசி வேலை வீட்டிலேயே இருக்கிறது. முதலில் பாஸ்வேர்டு மேனேஜர், குரோமிலோ ஐஃபோனிலோ கூடவே வருவது போதும். அது கண்ணால் பார்ப்பதில்லை, முகவரியை மட்டும்தான் பார்க்கும், அதனால் என்னைப் போல லோகோவுக்கு ஏமாறாது. அது நிரப்ப மறுத்தால் நீங்களும் கையை எடுத்துவிடுங்கள். அப்புறம் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு, ஜிமெயிலுக்குக் கட்டாயம், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றும் சாவி அங்கேதான் வந்து விழுகிறது. எஸ்எம்எஸ் ஓடிபி இல்லாததற்கு இருப்பது மேல், ஆனால் போலிப் பக்கம் அந்த ஓடிபியையும் வாங்கி அந்த நிமிஷமே அசல் தளத்தில் போட்டுவிட முடியும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக விரல்ரேகையோ முகமோ போன் பின்னோ காட்டி நுழைகிற பாஸ்கீ வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, அது பதிவான முகவரியைத் தவிர வேறெங்கும் வேலையே செய்யாது. வாட்ஸ்அப்பிலும் ஆறு இலக்க பின் ஒன்று போட்டு வையுங்கள்.

அடுத்து, போனில் சேர்த்து வைத்திருக்கும் பழைய வைஃபை பெயர்கள். இதை அறைத்தோழனிடம் செய்து காட்டினேன். அவன் வாரா வாரம் சேலத்துக்கு ரயில் ஏறுகிற ஆள், மெஜஸ்டிக் ஸ்டேஷன் வைஃபை அவன் போனில் எப்போதும் இருக்கும். என் ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டுக்கு அதே பெயரை எழுத்து மாறாமல் வைத்து, பாஸ்வேர்டையும் எடுத்துவிட்டேன். அவன் போன் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, என் திரையில் 'ஒரு சாதனம் இணைந்துள்ளது' என்று வந்தது. "டேய், நான் தொடவே இல்லடா!" என்று குதித்தான். வைஃபை பெயரை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பூட்டில்லாத பெயர் ஒத்துப்போனாலே போன் பழைய உறவை நினைத்துத் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். செட்டிங்ஸில் வைஃபைக்குள் போய், பூட்டில்லாத பெயர்களை எல்லாம் 'ஃபர்கெட்' கொடுங்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் அந்தப் பெயருக்கு மட்டும் ஆட்டோ கனெக்டை அணைத்துவிடுங்கள்.

இனி வெளியிடத்தில். கஃபேயில் என்றால் பெயரைக் கவுண்டரில் கேட்டு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், இதற்குக் கூச்சமே வேண்டாம். ரயில் நிலையங்களில், ரயில்வேயின் நிறுவனமான ரயில்டெல்லின் வைஃபை மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்கும், அரை மணி நேரம் இலவசம். எண், ஓடிபி, இவ்வளவுதான் கேட்க வேண்டும். மெயில் பாஸ்வேர்டு, கார்டு நம்பர், ஏதாவது ஆப் இன்ஸ்டால் செய்யச் சொல்வது என்று ஆரம்பித்தால் மூடிவிட்டு எழுந்திருங்கள். வருகிற எஸ்எம்எஸ்ஸையும் முழுதாகப் படியுங்கள். வைஃபைக்கு என்று எண்ணைக் கொடுத்திருப்பீர்கள், வந்திருப்பது வாட்ஸ்அப் கோடாக இருக்கும், அவசரத்தில் ஆறு எண்ணை மட்டும் பார்த்து அடித்துவிட்டால் கணக்கு கைமாறிவிடும்.

லாகின் பக்கம் தானாக வராவிட்டால் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் (neverssl.com) என்று அடித்துப் பாருங்கள், எச்டிடிபிஎஸ் இல்லாத தளம் என்பதால் லாகின் பக்கத்துக்குத் தள்ளிவிடும். அந்த முகவரி அந்தத் தளத்துக்கே உரியது என்று காட்டும் சர்டிஃபிகேட் சரியில்லை என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால் 'ப்ரொசீட்' கொடுக்கவே கூடாது. பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறது என்று நிம்மதி அடையவும் வேண்டாம், போலித் தளமும் சர்டிஃபிகேட் வாங்கலாம். லேப்டாப்பில் விண்டோஸ் கேட்டால் 'பப்ளிக் நெட்வொர்க்' என்று சொல்லுங்கள்.

பணம் சம்பந்தப்பட்டது என்றால் நான் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில்தான் செய்வேன், லேப்டாப்பில் என்றால் போன் ஹாட்ஸ்பாட்டில். யுபிஐ ஆப்பும் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகிறது, ஆனாலும் இரண்டு நிமிஷ வேலைக்கு எதற்கு வம்பு.

நம் இணையத் தகவலை எல்லாம் பூட்டி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்புகிற விபிஎன் போடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் கஃபேக்காரரை நம்பாமல் விபிஎன்காரரை நம்புகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். காசு வாங்காமல் ஓட்டுகிற விபிஎன் எதை விற்றுப் பிழைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அலுவலக விபிஎன் இருந்தால் அலுவலக வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். போலிப் பக்கத்தில் நீங்களே பாஸ்வேர்டு அடித்தால் எந்த விபிஎன்னும் காப்பாற்றாது.

சரி, அடித்தே விட்டீர்களா? முதலில் அந்த வைஃபையிலிருந்து வெளியே வாருங்கள். மொபைல் டேட்டாவில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதே பாஸ்வேர்டை வேறெங்கு வைத்திருந்தாலும் அங்கேயும். கூகுள் கணக்கில் செக்யூரிட்டிக்குள் 'யுவர் டிவைசஸ்' பார்த்து, தெரியாததை சைன் அவுட் செய்யுங்கள். ரெக்கவரி மெயிலும் எண்ணும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே வந்தவன் உங்கள் மெயிலெல்லாம் தனக்கு ஒரு காப்பி வருகிற மாதிரி ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால், பாஸ்வேர்டு மாறினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பணம் போயிருந்தால் பேங்குக்கும் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் உடனே போன், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நான் நாலு எழுத்தோடு நிறுத்திவிட்டேன் என்றாலும் அன்று இரவே பாஸ்வேர்டை மாற்றினேன், ஏனென்றால் பட்டனை அழுத்தும் முன்பே ஒவ்வொரு எழுத்தையும் அனுப்புகிற மாதிரி பக்கம் எழுதலாம். டிவைஸ் பட்டியலில் திருடன் யாரும் இல்லை. ஆனால் இரண்டு வருஷம் முன்பு பழைய கம்பெனியில் திருப்பிக் கொடுத்த லேப்டாப் இன்னும் என் பெயரில் சைன் இன் ஆகியே இருந்தது.