பெரியாஸ்பத்திரியில் ராத்துணைக்கு இருக்கப் போகிறவர்களுக்கு

என் சர்வீஸ் முழுக்க அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை. ரிட்டயர் ஆன பிறகு பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் ஆகி, அதே மாதிரி ஒரு வார்டில் நானே கட்டிலில் கிடந்தேன். ராத்திரி ஒரு வார்டு முழுவதற்கும் ஒன்றிரண்டு சிஸ்டர்கள்தான் இருப்பார்கள். அதனால் கூட இருப்பவருக்கு வேலை தெரிந்திருந்தால் நோயாளி பாடு பாதி குறையும்.

பையில் பிளாஸ்க், டம்ளர், கிழித்து வைத்த பழைய வேட்டி, ஒரு நோட்டு, பேனா இருக்கட்டும். நகை வேண்டாம். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டு வாருங்கள். காகிதத்தில் மடித்து, 'வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு' என்றால் யாருக்கும் புரியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் என்றால் அதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதாரோடு முதல் நாளே காப்பீட்டு கவுன்ட்டரில் நின்றுவிடுங்கள்.

டிரிப்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். டியூபில் இருக்கும் சின்னச் சக்கரத்தை நீங்கள் தொடவே கூடாது. 'சீக்கிரம் முடியட்டுமே' என்று உருட்டி விடுபவர்களை ராத்திரிக்கு ராத்திரி பார்த்திருக்கிறேன். இதயமோ கிட்னியோ பலவீனமானவருக்கு நீர் வேகமாக ஏறினால் நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சு வாங்கும். ஊசி இருக்கும் இடம் வீங்குகிறதா, எரிகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் உடனே சொல்ல வேண்டும். பாத்ரூம் போகும்போது பாட்டிலைத் தாழ்த்திப் பிடித்தால் டியூபில் ரத்தம் ஏறும். பயப்படாமல் பாட்டிலை உயர்த்துங்கள், இறங்கிவிடும். இறங்காவிட்டால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். மூத்திரப் பை இதற்கு நேர் எதிர்: எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. கொட்டும் முன் அளவைப் பார்த்து, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். குடித்த தண்ணீரையும் எழுதினால் காலை ரவுண்ட்ஸில் டாக்டருக்கு உதவும்.

எழுந்திருக்க முடியாதவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். புரட்டும்போது முதுகுத்தண்டின் அடியையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன் பட்டினி என்றால் பட்டினிதான். பால் கலந்த காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும். 'தண்ணி கூடாதும்மா' என்று எத்தனையோ பேரை அதட்டிய எனக்கு, ஆபரேஷன் முடிந்த அன்றைக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் இளநீரை டம்ளரில் ஊற்றிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் நாத்தனார் சிஸ்டரைக் கேட்டுவிட்டு ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஊசியைவிட அதுதான் இதமாக இருந்தது.

சிஸ்டரைக் கூப்பிடவும் ஒரு முறை இருக்கிறது. 'சீக்கிரம் வாங்க' என்று மட்டும் கத்தினால் எங்கே, என்ன என்று தெரியாது. '16-ம் நம்பர் கட்டில். ஜில்லுன்னு வேர்க்குது, பேச்சு குழறுது, சுகர் பேஷன்ட்' என்று சொல்லிப் பாருங்கள், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வருவார். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கட்டு நனைய ரத்தம் என்றாலும் யோசிக்காமல் ஓடுங்கள். தலையணை உறை மாற்றுவதெல்லாம் காலையில் கேட்கலாம். டியூட்டி மாறும்போது ஒரு சிஸ்டர் இன்னொருவரிடம் கட்டில் கட்டிலாக ஒப்படைப்பார். அப்போது குறுக்கே பேசாதீர்கள். உங்கள் கட்டிலுக்கு வரும்போது மட்டும் பக்கத்தில் நின்று கேளுங்கள், பல சந்தேகம் கேட்காமலே தீரும்.

டிஸ்சார்ஜ் அன்று எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். தையல் பிரிக்க என்றைக்கு வரணும், வீட்டில் இருக்கும் பழைய மாத்திரைகளில் எதை நிறுத்தணும் என்ற ரெண்டையும் கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்ட பிறகு ஆட்டோ கூப்பிடுங்கள்.