எலெக்ட்ரிக் கிட்டார் ஒலி கனிய எந்தக் கம்பி போடலாம்?

கடைக்குப் போகும் முன் செலவில்லாத ஒரு சோதனை. நெக் பிக்கப்புக்கு (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் காந்தச் சுருள்; கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப்) மாற்றி, டோன் குமிழை 10-இலிருந்து 5-க்கு இறக்கி, பிரிட்ஜ் பக்கத்தை விட்டு ஃபிரெட்போர்டு முடியும் இடத்தருகே மீட்டிப் பாருங்கள். அதுவே போதும் என்று பட்டால் காசு மிச்சம். ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கி, கார்டில் உள்ள சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிப் போனால் கம்பியை மாற்றுவதில் பலன் இருக்கிறது. டோன் குமிழ் ஆறு கம்பிகளின் உச்ச ஒலியையும் ஒரே வெட்டாக வெட்டும். கம்பியை மாற்றும்போது எதில் எவ்வளவு குறைய வேண்டும் என்பது நம் கையில்.

ஒரு செட்டில் ஆறு கம்பி (6 தடித்தது, 1 மெலிந்தது) இருந்தாலும் அவை மூன்று கூட்டம். 6, 5, 4 ஆகிய மூன்றும் சுற்றுக்கம்பிகள்: நடுவில் எஃகு, மேலே வேறொரு கம்பியின் சுற்று. 1, 2 இரண்டும் வெறும் எஃகு. 3-ஆவதான ஜி, செட்டைப் பொறுத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். அட்டையில் ‘ப்யூர் நிக்கல்’ என்றோ ‘ஃபிளாட்வௌண்ட்’ என்றோ போட்டிருப்பது சுற்றுக்கம்பிகளுக்கு மட்டும்தான் பொருந்தும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் 1, 2 வெறும் எஃகுதான். ‘ஃபிளாட்வௌண்ட் போட்டேன், கீழே மெத்தென்று இருக்கிறது, மேலே இன்னும் கீச்சென்கிறது’ என்று பலர் குறைபடுவது இதனால்தான்.

முதலில் சுற்று. சாதாரண ரவுண்ட்வௌண்டில் உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். நகத்தால் தடவினால் வரிவரியாகத் தட்டும். ஃபிளாட்வௌண்டில் தட்டையான நாடாவைச் சுற்றியிருப்பார்கள். மேல் ஹார்மோனிக்குகள் சீக்கிரம் அடங்கி, அடிச்சுரம் முன்னால் நிற்கும். விரல் சறுக்கும் கீச்சொலியும் போய்விடும். ஜாஸ் கிட்டாரின் பழைய ஒலி இதிலிருந்து வந்தது. ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி பிக் இல்லாமல் கட்டைவிரலால் மீட்டியதும் சேர்ந்துதான் அந்தக் கனிவு. இரண்டுக்கும் நடுவில் ஹாஃப்ரவுண்ட்: உருண்டைக் கம்பியைச் சுற்றிவிட்டு மேற்புறத்தை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தியது. ஜாஸும் வேண்டும், டிஸ்டார்ஷனும் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவரும். ஒரே பாணியில் வாசிப்பவருக்கு அரைகுறையாகத் தோன்றும்.

அடுத்தது உலோகம். இன்று கடையில் தொங்குவதில் பெரும்பாலானவை நிக்கல் முலாம் பூசிய எஃகு. பெயரில் நிக்கல் இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது, உள்ளே எஃகுதான். ப்யூர் நிக்கல் சுற்று காந்தத்துக்கு அந்த அளவு துடிப்பாகப் பதில் சொல்லாது. ஒலியளவு சற்றுக் குறையும், உச்சம் மென்மையாகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட்வௌண்ட் எல்லாவற்றிலும் கூரானது. கனிவு தேடுபவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆனால் ஃபிளாட்வௌண்டில் கணக்கு வேறு. டி'அடாரியோவின் ‘குரோம்ஸ்’ பெயருக்குத்தான் குரோம், சுற்றியிருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாடா. அங்கே உலோகத்தைவிட நாடாவின் வடிவமே ஒலியைத் தீர்மானிக்கிறது. அதனினும் மென்மை வேண்டுமென்றால் வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் செய்யும் ‘ஜாஸ் ஸ்விங்’ நிக்கல் ஃபிளாட்வௌண்ட் இருக்கிறது. விலை கையைக் கடிக்கும், ஆனால் நெடுநாள் உழைக்கும். அகூஸ்டிக் கிட்டாரின் வெண்கலக் கம்பி கனிவானதாயிற்றே என்று இதில் போட்டுவிடாதீர்கள். வெண்கலத்தைக் காந்தம் பிடிக்காது. உள்ளிருக்கும் எஃகு மட்டுமே பிக்கப்புக்குக் கேட்கும், கம்பிக்குக் கம்பி ஒலி ஏறி இறங்கும்.

1, 2 கம்பிகளுக்கு நம்மிடம் இருக்கும் ஒரே கருவி தடிமன். 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) கொண்ட கிட்டாரில் முதல் கம்பியின் இழுவிசை 0.009 அங்குலத் தடிமனுக்குச் சுமார் 5.9 கிலோ, 0.010-க்கு 7.4, 0.011-க்கு 8.9. தடிமன் ஏற ஏற அடிச்சுரம் திடமாகும், ‘டிங்’ என்ற மெல்லிய கூர்மை குறையும். அதனால் ஃபிளாட்வௌண்டில் 10 செட்டை (முதல் கம்பி 0.010 உள்ளதை) வாங்காதீர்கள். கீழ் நான்கும் மங்கி, மேல் இரண்டும் தனியே மின்னும். 11 குறைந்தபட்சம், 12 இன்னும் சமம். விரல் வலித்தால் அரை சுருதி இறக்கி ஈ-ஃபிளாட்டில் வைத்துக்கொள்ளலாம். இழுவிசை ஏறத்தாழ 11 சதவீதம் குறையும். 24.75 அங்குல ஸ்கேலில் அதே கம்பி இயல்பாகவே 6 சதவீதம் தளர்வாக இருக்கும் என்பதால் லெஸ் பால் வகைக் கிட்டார்களில் ஒரு படி தடித்த செட்டைத் தயங்காமல் போடலாம்.

இனி மூன்றாவது கம்பி. உண்மையான முடிவு இங்கேதான். 9, 10, 11 ரவுண்ட்வௌண்ட் செட்களில் ஜி பெரும்பாலும் 0.016 முதல் 0.018 வரையிலான வெறும் எஃகு. கார்டு வாசிக்கும்போது கூட்டத்திலிருந்து தனியே எகிறிக் கேட்பது அதுதான். சுற்றப்பட்ட ஜி, 0.020 முதல் 0.024 வரை, நான்காவது கம்பியோடு குரல் ஒத்துப்போகும். பழைய பாணி ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) பிக்கப்பில் ஜி-யின் காந்தக் காம்பு ஏன் மற்றவற்றைவிட உயரம் என்று யோசித்திருக்கிறீர்களா? 1954-இல் அந்தக் கிட்டார் வந்தபோது ஜி சுற்றுக்கம்பியாக இருந்தது. அதன் அடக்கமான குரலைத் தூக்கிவிடத்தான் அந்த உயரம். இன்று அதே காம்பின் மேல் வெறும் எஃகைப் போட்டால் அது கத்துகிறது. சுற்றப்பட்ட ஜி போட்டதும் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

விலை என்னவென்றால் பெண்டிங், அதாவது கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதி ஏற்றுவது. சுற்றப்பட்ட ஜி-யில் உட்கம்பி மெலிது. அதே தூரம் இழுத்தாலும் சுருதி குறைவாகவே ஏறும். முழுச்சுர பெண்ட் வைத்து ப்ளூஸ் வாசிப்பவருக்கு இது ஒத்துவராது. கர்நாடக கமகங்களைக் கிட்டாரில் கொண்டுவர முயல்பவர்களுக்கு இரண்டும் கலந்த அனுபவம்: ஜாரு (சறுக்கு) வழுவழுப்பாக, சத்தமில்லாமல் போகும், இழுத்து வாசிக்கும் பிடி மட்டும் சண்டை போடும்.

ஆகவே ப்ளூஸ், ராக் என்றால் ப்யூர் நிக்கல் ரவுண்ட்வௌண்ட் 11, வெறும் ஜி. கார்டும் மெலடியும் மட்டும் என்றால் ஃபிளாட்வௌண்ட் 12, சுற்றிய ஜி. முடிவெடுக்க முடியாதவர் குரோம்ஸ் 11-50 செட்டிலிருந்து தொடங்கலாம். அதில் ஜி 0.022, சுற்றியது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. ஃபிளாட்வௌண்டையும், உட்கம்பி உருண்டையாக இருக்கும் செட்களையும் நேராக நறுக்கினால் சுற்று பிரிந்து கம்பி செத்துவிடும். டியூனிங் போஸ்டுக்கு அப்பால் சுமார் 5 செ.மீ. விட்டு, முதலில் இடுக்கியால் செங்கோணத்தில் மடக்கி, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். ஆறையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது. மரப்பிரிட்ஜ் வெறுமனே உட்கார்ந்திருக்கும் ஆர்ச்டாப்பில் (மேற்பலகை வளைந்த கிட்டாரில்) இது கட்டாயம்.

சுருதி ஏற்றும்போது நட்டில் (கழுத்தின் முனையில் கம்பிகள் படியும் பள்ளங்கள் கொண்ட கட்டையில்) ‘டிக்’ என்று சத்தம் வந்தால் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது என்று அர்த்தம். 0.017-க்கு வெட்டிய பள்ளத்தில் 0.022 இறங்காது. நட் அரத்தால் அகலத்தை மட்டும் கூட்ட வேண்டும், ஆழத்தைத் தொடக்கூடாது. அரம் ஹெட்ஸ்டாக் பக்கம் சாய்ந்திருக்கட்டும். ஆழம் அதிகமானால் திறந்த கம்பி முதல் ஃபிரெட்டில் உரசும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும். அரம் பிடித்துப் பழக்கமில்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். லேசான சிக்கலுக்குப் பென்சில் கரி போதும்.

தடித்த கம்பி கழுத்தை முன்னோக்கி வளைக்கும். முதல் ஃபிரெட்டில் காப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கழுத்து உடலோடு சேரும் ஃபிரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்தி, 7-ஆவது ஃபிரெட்டில் இடைவெளியைப் பாருங்கள். 0.25 மி.மீ. அளவில் இருந்தால் சரி. கூடுதலாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடை வலஞ்சுழியாகக் கால் சுற்று திருகி, மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள், ஒரேயடியாகத் திருகக்கூடாது. டிரெமலோ (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டும் நெம்புகோல்) உள்ள கிட்டாரில் பிரிட்ஜ் முன்னால் எழும்பும். பின்புறம் மூன்று ஸ்பிரிங் இருந்தால் நான்காவதைச் சேர்க்கவும், அல்லது ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கிளாவின் இரண்டு திருகாணிகளையும் சமமாக இறுக்கவும்.

இன்டொனேஷனில் (ஃபிரெட்தோறும் சுருதி சரியாக இருக்கும்படி அமைப்பதில்) ஜி-தான் மிக அதிகம் நகரும். வெறும் எஃகிலிருந்து சுற்றுக்கம்பிக்கு மாறினால் அதன் சாடிலை (பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் துண்டை) நெக் பக்கம் முன்னே கொண்டுவர வேண்டியிருக்கும். 12-ஆவது ஃபிரெட்டின் ஹார்மோனிக்கோடு அழுத்திய சுரத்தை ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடில் பின்னே, இறங்கியிருந்தால் முன்னே.

புது ஃபிளாட்வௌண்ட் முதல் சில நாள் எதிர்பார்த்ததைவிடப் பளிச்சென்று இருக்கும்; அதற்குள் ஏமாந்து கழற்ற வேண்டாம். மாறாக, பழைய ரவுண்ட்வௌண்டை மாற்றாமல் விட்டுக் கனிவைப் பெறுவது வீண் யோசனை. வியர்வையும் அழுக்கும் சுற்றுக்குள் ஒரே சீராக நிரம்புவதில்லை. ஒலி மங்குவதோடு ஃபிரெட்டுக்கு ஃபிரெட் சுருதியும் பிசகும். கடலோர ஊர்களில் 1, 2 கம்பிகள்தான் முதலில் துருவேறும். அவற்றைத் தனியாக வாங்கி மாற்றிக்கொண்டு, ஃபிளாட்வௌண்ட் நான்கையும் அப்படியே வைத்திருக்கலாம்.

கடைசியாகப் பிக்கப் உயரம். தடித்த கம்பி அதிகச் சமிக்ஞை தரும். கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, நெக் பிக்கப்புக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையே 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 2 மி.மீ. என்று தொடங்கி, பேஸ் (தடித்த கம்பி) பக்கத்தைக் கால் திருகாகக் கீழிறக்கிக் கேளுங்கள்.