கண்ணாடியில் டைட்டானியா பூச்சு: எங்கே தவறுகிறோம்?

வெயிலும் மழையும் பட்டால் தானாகவே அழுக்கை நீக்கிக்கொள்ளும் கண்ணாடி, 2001-இல் பில்கிங்டன் ஆக்டிவ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் மேலுள்ள டைட்டானியம் டைஆக்சைடு (டைட்டானியா) படலம் சுமார் 15 நானோமீட்டர் தடிமன்தான். அந்தப் பொருளையே சோல்-ஜெல் முறையில் (‘சோல்’ என்ற கரைசலைப் பூசி, உலர்த்தி, சுட்டு) கல்லூரி ஆய்வகத்திலும் பூச முடியும் என்பதால் எம்.எஸ்சி. புராஜெக்ட் முதல் பிஎச்.டி. வரை பலர் இதை எடுக்கிறார்கள். பூசியும் விடுகிறார்கள். சிக்கல் அளவீட்டில் வருகிறது: கண்ணாடி தரும் சிக்னலைப் படலத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

கண்ணாடித் தேர்விலேயே இது தொடங்கிவிடுகிறது. மைக்ரோஸ்கோப் ஸ்லைடு மலிவு, ஆனால் சோடா-லைம் கண்ணாடி. அனாட்டேஸ் என்ற டைட்டானியா படிக வடிவத்துக்காக 450-500 டிகிரி செல்சியஸில் சுடும்போது அதிலுள்ள சோடியம் படலத்துக்குள் ஏறிவிடும். படிகம் ஒழுங்காக வளராது, ஒளி பட்டு அழுக்கைச் சிதைக்கும் திறனும் (ஒளிவினையூக்கம்) குறையும். காரணம் தெரியாமல் சோலின் செய்முறையை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் உழைப்பு. குவார்ட்ஸ் வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் முதலில் ஒரு சிலிக்கா அடுக்கைத் தடுப்பாகப் பூசிவிட்டு, அதன் மேல் டைட்டானியா பூசுங்கள்.

சோலின் மூலப்பொருளான டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடில் நேராகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே வெள்ளை வீழ்படிவாகிவிடும். அசிட்டைல்அசிட்டோனோ அசிட்டிக் அமிலமோ சேர்த்து வினையின் வேகத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, ஆல்கஹாலில் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலக் காற்றின் ஈரமே போதும், திறந்த பாட்டில் கெட்டுப்போக. அப்புறம், ஒரே பூச்சில் தடிமன் ஏற்ற நினைத்தால் காயும்போது வெடிக்கும். சோலில் முக்கி எடுக்கும் டிப் கோட்டிங்கில் ஸ்லைடை வேகமாக மேலே இழுத்தால் படலம் தடிமனாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். மெதுவாக இழுத்து, பல மெல்லிய அடுக்குகளாகப் பூசுவதே பாதுகாப்பு.

இனி எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் முறை. வழக்கமான முறையில் எடுத்தால் கதிர் மெல்லிய படலத்தைக் கடந்து கண்ணாடிக்குள் போய்விடும். கண்ணாடியின் அகன்ற மேடு 20 முதல் 30 டிகிரி வரை பரவியிருக்கும். அனாட்டேஸின் முக்கியப் பீக் வருவது 25.3 டிகிரியில், அதே மேட்டின் மேல். பீக் தெரியவில்லை என்றதும் சிலர் மிச்சமிருக்கும் சோலை உலர்த்தி, பொடியாகச் சுட்டு, அந்தப் பொடியின் எக்ஸ்ஆர்டியைப் படலத்தின் முடிவாகப் போடுகிறார்கள். இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்தும் பழக்கம் இதுதான். பொடிக்குள் சோடியம் ஏறாது, அதை எந்தப் பரப்பும் இழுத்துப் பிடிக்காது. அது வேறு சாம்பிள். கதிரை மிகச் சாய்வாக விடும் தாழ்கோண முறையில் படலத்தையே எடுங்கள், அல்லது ராமன் நிறமாலை பாருங்கள்: அனாட்டேஸ் 144 செ.மீ⁻¹ அருகில் பலமான கோடு தரும். பீக்கின் அகலத்திலிருந்து அளவைக் கணிக்கும் ஷெரர் சமன்பாட்டில் கருவியால் வரும் அகலத்தைக் கழிக்க மறக்காதீர்கள். அதில் கிடைப்பது படிகத்துணுக்கின் அளவு. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் (செம்) படத்தில் தெரியும் துகளின் அளவோடு அது ஒத்துப்போக வேண்டியதில்லை.

எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் இடிஎக்ஸிலும் இதே கதைதான். 15-20 கிலோவோல்ட் எலக்ட்ரான் கற்றை ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல் இறங்கும். அதில் வரும் ஆக்சிஜனில் பெரும்பகுதி கண்ணாடியுடையது. அதை வைத்து டைட்டானியம்-ஆக்சிஜன் விகிதம் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

ஒளிவினையூக்கத்தைச் சோதிக்க எல்லோரும் எடுப்பது மெத்திலீன் புளூ என்ற சாயம். இருட்டில் வைத்து, சாயம் பரப்பில் ஒட்டி நிலைப்பெறும் வரை காத்திருங்கள். பூச்சில்லாத கண்ணாடியையும் சேர்த்தே சோதியுங்கள். கண்ணுறு ஒளியில் வேலை செய்கிறது என்று சொல்ல இந்தச் சாயம் உதவாது. 664 நானோமீட்டர் அருகில் அதுவே ஒளியை உறிஞ்சி, எலக்ட்ரானை டைட்டானியாவுக்குக் கொடுத்துத் தானும் சிதையும். நிறமில்லாத ஸ்டியரிக் அமிலத்தை மெல்லியதாகப் பூசி, அது குறைவதை அகச்சிவப்பு நிறமாலையில் பின்தொடரலாம்.

நீர்த்துளி பரப்பில் அமரும் கோணத்தை (தொடுகோணம்) அளந்தால், புற ஊதா ஒளி பட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் குறித்துவையுங்கள். பிளாஸ்டிக் பெட்டியில் கிடந்த சாம்பிளின் மேல் கரிமப் பொருள் படிந்து, கோணம் ஏறியிருக்கும்.