கூட்டம் போட்டால் போதாது: காலநிலை வேலைக்கு உள்ளூர் மக்களைப் பழக்குவது எப்படி

காலநிலை மாற்றம் பற்றி ஒரு கூட்டம் போடுங்கள், ஆட்கள் வருவார்கள், கவனமாகக் கேட்பார்கள், கிளம்பும்போது "நல்லா சொன்னீங்க" என்று சொல்லிவிட்டும் போவார்கள், அதோடு சரி. நான் முதலில் நடத்திய பயிற்சிகள் எல்லாம் இப்படித்தான் முடிந்தன. பனிப்பாறை உருகுகிற படம் காட்டினேன், மேலே ஏறிக்கொண்டே போகிற கோடு காட்டினேன், ஆனால் நாளைக்குக் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. வந்தவர்களுக்கு அக்கறை நிறையவே இருந்தது, கையில்தான் வேலை இல்லை. அதனால் இப்போது ஒரே ஒரு விதியில் பிடிவாதமாக இருக்கிறேன்: பயிற்சி முடிந்து போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும், அதை அவர் அங்கேயே ஒரு தடவையாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.

இது பலிக்கும் என்று நம்ப எனக்குப் பெரிய காரணம் வங்கதேசம். 1970 புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். அதன்பிறகு, 1972-இல், கடலோர மக்களையே தன்னார்வலர்களாகச் சேர்த்து ஒரு புயல் தயார்நிலைத் திட்டம் தொடங்கினார்கள். அந்தத் தன்னார்வலர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது வளிமண்டல அறிவியல் இல்லை. எந்த எச்சரிக்கைக்கு எந்தக் கொடியை ஏற்றுவது, மெகாஃபோனில் என்ன சொல்வது, யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவது, காயம்பட்டவருக்கு என்ன முதலுதவி, இவைதான். இன்று 70,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் பெண்கள். 2020-இல் ஆம்பன் புயல் வந்தபோது அங்கே 20 லட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குப் போய்விட்டார்கள். புயல் காப்பிடங்களும் வானிலை முன்னறிவிப்பும் இல்லாமல் இது நடந்திருக்காதுதான், ஆனால் அறிவிப்பு வாசலுக்கு வந்து சேர்ந்தது மனிதர்கள் வழியாக.

யாரைக் கூப்பிடுவது

ஒரு தடவைக்கு 12 முதல் 15 பேர் போதும். ஏற்கெனவே சுற்றுச்சூழல் ஆர்வம் உள்ளவர்களை மட்டும் கூப்பிட்டால் இதமாக இருக்கும், ஆனால் அந்த வட்டத்தைத் தாண்டி எதுவும் நகராது. யார் சொன்னால் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள் என்று விசாரியுங்கள். குப்பை எடுக்கிறவர், குழாய் வேலை தெரிந்தவர், ஆசிரியர், முதியவர்களைக் கவனித்துக்கொள்கிறவர், சுகாதாரப் பணியாளர், எதிலும் முன்னால் நிற்கிற ஒரு இளைஞர், இப்படிக் கலந்து இருக்கட்டும். பெண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதற்காகப் பயிற்சி நேரத்தை அவர்களைக் கேட்டே முடிவு செய்யுங்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாததால் எத்தனையோ நல்ல பயிற்சிகளில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம்: நீங்கள் பேசாதீர்கள்

தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போடுங்கள். ஒரு முனை 30 வருஷத்துக்கு முன்னால், மறு முனை இன்று. எந்த வருஷம் வெள்ளம் வந்தது, எப்போது தண்ணீர் வற்றியது, எந்தப் பறவை, எந்தப் பூச்சி காணாமல் போனது, எப்போதிருந்து ராத்திரியில் தூக்கம் வராத அளவுக்குப் புழுங்குகிறது என்று அவர்களே வந்து எழுதட்டும். வயதானவர்கள்தான் இங்கே ஆசிரியர்கள்.

அதற்கப்புறம் அறிவியல், 20 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதும் காடழிப்பதும்தான் காரணம், அந்த வாயு பூமிக்கு மேல் போர்த்திய போர்வை மாதிரி வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால்தான் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது, பெய்யாதபோது மண்ணும் சீக்கிரம் காய்கிறது. அவர்கள் கோட்டில் எழுதியதையே விரலால் தொட்டுக்காட்டி இதைச் சொன்னால் யாருக்கும் விளங்கும். பிரான்சில் உருவான கிளைமேட் ஃப்ரெஸ்க் என்ற பயிற்சியில் 42 அட்டைகளைக் காரணம், விளைவு என்று மக்களே அடுக்குவார்கள், சுமார் மூன்று மணி நேரம் ஆகும். படித்த இளைஞர்கள் கூடினால் அருமையாகப் போகும், கலவையான கூட்டத்துக்கு அதே முறையில் பத்து அட்டை செய்துகொண்டால் போதும் என்பது என் எண்ணம்.

நடந்து பாருங்கள்

எல்லோரும் ஒரு வெப்பமானியும் பெரிய தாளும் எடுத்துக்கொண்டு, வெயில் உறைக்கிற நேரத்தில் ஒரு மணி நேரம் நடங்கள் (தண்ணீரும் தொப்பியும் கட்டாயம், முடியாதவர்களைக் கூட்டிப்போக வேண்டாம்). தண்ணீர் எங்கே தேங்கும், வடிகால் எங்கே அடைத்திருக்கிறது, நிழலே இல்லாமல் ஜனங்கள் எங்கே காத்து நிற்கிறார்கள், குப்பை எங்கே எரிகிறது, எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். மர நிழலிலும் பத்தடி தள்ளி வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையிலும் வெப்பமானியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த வித்தியாசம் பேச்சை விட நன்றாகப் பதியும்.

மனிதர்களையும் குறியுங்கள். 1995 ஜூலையில் சிகாகோவில் வந்த வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள், கதவைத் தட்ட ஆளில்லாதவர்கள். தனியாக இருக்கிறவர், படுக்கையில் இருக்கிறவர், கைக்குழந்தை உள்ள வீடு, இந்த விவரம் குழுவிடம் இருக்க வேண்டும். ஆனால் அது சுவரில் மாட்டுகிற வரைபடத்தில் வரக்கூடாது, அவர்கள் சம்மதத்தோடு ஒரு தனி நோட்டில் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

வரைபடம் முடிந்ததும் இருபது யோசனை வரும். மூன்று கேள்வி கேளுங்கள்: இது நம் கையில் இருக்கிறதா, மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியுமா, அளக்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுங்கள். "மரம் நடலாம்" என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றப் போகிறவர் யார் என்று எழுதாமல் குழி தோண்ட வேண்டாம்.

தேர்ந்தெடுத்ததை அன்றே செய்து பழகுங்கள். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

மட்கும் குப்பை. கிடங்கில் காற்றில்லாமல் புதைந்து அழுகினால் அது மீத்தேன் ஆகிறது, நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடை விட ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும் வாயு. உரமாக்க, ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை என்று கலக்க வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி, ஒழுகினால் அதிகம். நாற்றம் அடித்தால் காய்ந்த இலை போட்டுக் கிளறுங்கள், உள்ளே காற்று புகுந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வந்த எல்லோரும் கையை உள்ளே விட்டுப் பிழிந்து பார்க்க வேண்டும், அருவருப்பு அங்கேதான் போகும். தினமும் எத்தனை கிலோ என்று எடை போட்டு எழுதுங்கள்.

மழைநீர். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர், இவ்வளவுதான் கணக்கு. 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர், சிதறல் போகச் சுமார் 80 சதவீதம் கிடைக்கும். டேப்பைக் கையில் கொடுத்து அந்தக் கட்டடத்தின் கூரையையே அளக்கச் சொல்லுங்கள். கூரையைக் கழுவிக்கொண்டு வருகிற முதல் தண்ணீரை ஒதுக்கிவிடுகிற அமைப்பையும் காட்டுங்கள்.

வெப்ப அலை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் ஒரு மணி நேரப் பயிற்சி ஒரு உயிரைக் காப்பாற்றலாம். ஒவ்வொருவரும் இரண்டு மூன்று பேரைப் பொறுப்பெடுத்து, வெப்ப எச்சரிக்கை வந்த நாளில் காலையும் மாலையும் போனில் அல்லது நேரில் விசாரிக்க வேண்டும். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் எல்லோரும் "ம்" என்பார்கள். "கடைசியா எப்ப தண்ணி குடிச்சீங்க, எந்த ரூம்ல இருக்கீங்க, சிறுநீர் என்ன நிறத்துல போகுது" என்று கேட்கப் பழக்குங்கள், இருவர் இருவராக நடித்துப் பார்க்கட்டும். பேச்சு குழறுகிறது, குழப்பமாக இருக்கிறார், உடம்பு கொதிக்கிறது, மயங்குகிறார் என்றால் அது வெப்பத்தாக்கு, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வண்டி வரும்வரை சும்மா நிற்கக் கூடாது, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டி வையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அறையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடம்பை இன்னும் சூடாக்கும், இது பலருக்குத் தெரியாது.

கற்றவர் கற்றுக்கொடுக்கட்டும்

1970-களில் குவாத்தமாலாவில் விவசாயிகள் விவசாயிகளுக்கே மண்வளம் காக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள், பிறகு அது மத்திய அமெரிக்கா, கியூபா என்று பரவியது. சின்னதாகத் தொடங்கு, ஒன்றிரண்டு நுட்பத்தை மட்டும் எடு, முதலில் உன் நிலத்தின் ஒரு மூலையில் செய்து பார், பலன் தெரிந்ததும் பக்கத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டு, இதுதான் அவர்கள் வழி. நீங்களும் அப்படியே செய்யலாம். கற்றுக்கொண்ட பத்து நிமிஷத்துக்குள் ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவருக்கு அதைத் தன் சொல்லில் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் நீங்கள் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம், குறித்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும்போது இரண்டு வாக்குறுதி எழுதி வாங்குங்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொடங்கிய கார்பன் லிட்டரசி (கார்பன் பற்றிய அடிப்படை அறிவு) பயிற்சியில், தானே செய்வது ஒன்று, மற்றவர்களோடு சேர்ந்து செய்வது ஒன்று என்று கேட்பார்கள், அது நல்ல பழக்கம். நான் அதோடு தேதியையும், யார் வந்து பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன். "மின்சாரத்தை மிச்சப்படுத்துவேன்" என்றால் அது வாக்குறுதி ஆகாது. "இந்த மாத மின்ரசீதையும் மூன்று மாதம் கழித்து வருகிற ரசீதையும் கொண்டுவருவேன்" என்றால் ஆகும்.

அப்புறம்தான் பெரிய வேலை

இரண்டு வாரத்தில் ஒரு போன், ஆறு வாரத்தில் ஒரு கூட்டம். முதல் கேள்வி "எது நடக்கவில்லை" என்பதாக இருக்கட்டும், குறை சொல்கிற குரலில் கேட்காதீர்கள். உரத்தொட்டியில் புழு வந்துவிட்டது, பொறுப்பெடுத்த பெரியவர் போனை எடுப்பதில்லை, இப்படி வரும் பிரச்சினைகளை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து தீர்ப்பதே அடுத்த பயிற்சி. மூன்று மாத எடைக் கணக்கு, வெப்பமானிக் குறிப்பு, வரைபடம், மூன்றையும் எடுத்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்துக்குக் குழுவாகப் போங்கள். வீட்டு அளவில் முடியாதது நிறைய இருக்கிறது, வடிகால் சீரமைப்பு, நிழற்கூரை, பேருந்து வசதி, அதையெல்லாம் கேட்க வேண்டிய இடம் அதுதான், கையில் எண்ணோடு போகிறவர்களைத் திருப்பி அனுப்புவது அத்தனை சுலபமில்லை. பேசுவது பயிற்சி எடுத்தவர்களாகவே இருக்கட்டும், ஒத்திகை பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்த குழுவுக்கான பயிற்சியை முதல் குழுவில் இரண்டு பேர் நடத்தட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் கேட்டால் மட்டும் வாயைத் திறங்கள்.