வெறித்த பார்வைக்குக் காரணம் தெரிந்தது

என் 7 வயது மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே 10 விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் பேச்சைத் தொடர்வாள். கவனக்குறைவு என்று நம்பி அவளைத் திட்டியும் இருக்கிறேன். முதலில் பார்த்த மருத்துவர், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்.

அதன்பின், ஒவ்வொரு முறையும் நேரத்தையும், எத்தனை விநாடிகள் நீடித்தது, இமை துடித்ததா என்பதையும் நோட்டில் குறித்து, கைபேசியில் இரண்டு காணொளிகளும் எடுத்துக்கொண்டு, குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு மகளுக்கு எதிரே தரையில் அமர்ந்து, காகிதக் காற்றாடி ஒன்றைக் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிடங்கள் ஆகியிருக்கும். காற்றாடி நின்றது, கண்கள் நிலைத்தன. இது சில விநாடிகள் மட்டும் நினைவு தப்பும் 'ஆப்சென்ஸ்' வகை வலிப்பு என்றும், ஆழ்ந்து வேகமாக மூச்சு விடுவது அதைத் தூண்டும் என்றும் விளக்கினார். மூளையின் மின் அலைகளைக் காட்டும் இ.இ.ஜி. பதிவில் விநாடிக்கு 3 என எழுந்த கூர் அலைகள் அதை உறுதிப்படுத்தின.

முடிவை அவர் என்னிடம் அல்ல, முதலில் அவளிடம்தான் சொன்னார்: "இது நீ வேண்டுமென்று செய்வதில்லை, கண்ணம்மா." நான் தலைகுனிந்தேன்.

இவ்வகை வலிப்புக்கான எத்தோசக்சிமைடு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி, அவர் சொன்னபடி படிப்படியாகக் கூட்டினோம். ஆறாம் வாரத்தில் நோட்டில் எழுத ஒன்றுமில்லை; அந்தப் பக்கத்தில் அவள் காற்றாடி வரைந்துவிட்டாள்.