35 வயது ஆட்டக்காரரை டீமில் எடுக்கும்போது கிளப்புகள் செய்யும் தவறுகள்

கோடைக் கால்பந்துப் போட்டிகள் நெருங்கினால் போதும், புதுச்சேரி உப்பளத்திலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் பிராக்டீஸ் முடிந்ததும் இந்தப் பேச்சு வந்துவிடும்: "சென்னையில டிபார்ட்மென்ட் டீமுக்கு ஆடினவர் ஒருத்தர் இருக்காரு, வயசு முப்பத்தஞ்சு, கூட்டிட்டு வந்துடலாமா?" தாராளமாகக் கூட்டி வரலாம். எந்த இடத்தில் ஆடப்போகிறார், அவருக்குப் பக்கத்தில் யார், வாரத்தில் எத்தனை நாள் ஓடுவார் என்பதை முடிவு செய்யாமல் கூட்டி வந்தால்தான் சிக்கல்.

பெயரைப் பார்த்து எடுப்பது முதல் தவறு. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, உலகக் கோப்பை வென்ற டெல் பியரோ 39 வயதில் டெல்லி டைனமோஸுக்கு வந்தார். அந்த சீசனில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். டெல்லி அரையிறுதிக்குப் போகவில்லை. பந்தை அடக்குவதும் பாஸ் போடுவதும் வயதானாலும் அவ்வளவு சீக்கிரம் போகாது. முதலில் குறைவது திடீர் வேகம். அதைவிட முக்கியமாக, ஒரு வேக ஓட்டம் முடிந்து அரை நிமிடத்தில் அடுத்த ஓட்டம் ஓடும் திறன் குறையும். கோல் அடிக்கும் ஃபார்வர்டுக்கும் ஓரத்தில் ஓடும் விங்குக்கும் இதுதான் மூலதனம் என்பதால், அந்த இடங்களுக்கு மூத்தவரைத் தேடாமல் இருப்பது நல்லது.

ஸ்டாப்பர் (டிஃபன்ஸின் நடுவில் நிற்பவர்), டிஃபன்ஸுக்கு முன்னால் நிற்கும் ஹாஃப், கீப்பர் ஆகிய மூன்று இடங்களில் அனுபவத்துக்கு நிஜமான விலை உண்டு. 2011இல் ஏசி மிலான் விட்டுவிட்ட இத்தாலி ஹாஃப் பிர்லோவை, அவருடைய 32 வயதில், டிரான்ஸ்ஃபர் பணமே இல்லாமல் யுவென்டஸ் எடுத்தது. அவர் இருந்த நான்கு சீசனும் இத்தாலி லீக் பட்டம் யுவென்டஸுக்குத்தான். பிர்லோ நின்று பாஸ் போட, அவருக்காக விடாலும் மார்க்கீசியோவும் ஓடினார்கள். பல கிளப்புகள் கோட்டை விடுவது இந்த ஓட்டத்தைத்தான். நடுவில் இரண்டு மூத்தவர்களை நிறுத்தினால், பந்து பறிபோனதும் திரும்பி ஓட ஆள் இருக்காது. மூத்த ஸ்டாப்பரை வைத்துக்கொண்டு டிஃபன்ஸ் லைனை நடுக்கோடு வரை ஏற்றுவதும் அதே ரகம். எதிரணி தலைக்கு மேல் ஒரு நீளப் பந்து போட்டால் ஆட்டம் முடிந்தது. லைனைப் பத்துப் பதினைந்து மீட்டர் கீழே இறக்குங்கள், பக்கத்தில் வேகமான பையனைப் போடுங்கள், கீப்பரைப் பாக்ஸுக்கு வெளியே வந்து அடிக்கப் பழக்குங்கள்.

டிரையல் எடுக்கும் விதத்திலும் கோளாறு இருக்கிறது. ஒரு நாள் ஆடவைத்துக் கைகுலுக்கிவிடுகிறோம். முதல் நாள் எல்லோரும் நன்றாகத்தான் ஆடுவார்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டு இரண்டாவது ஆட்டம் ஆடவையுங்கள். எழுபதாவது நிமிடத்துக்கு மேல் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள்: பந்து பறிபோனால் திரும்பி வருகிறாரா, குனிந்து முழங்காலில் கை வைத்து நிற்கிறாரா, காலுக்கு வரும் பந்தை மட்டும் கேட்கிறாரா என்பது தெரிந்துவிடும். பழைய காயங்களையும் தேதியோடு கேளுங்கள். ஒருமுறை ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) கிழிந்தவருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

மருத்துவப் பரிசோதனை இல்லாமல் யாரையும் இறக்கவே கூடாது. இதில் சமரசம் வேண்டாம். 35 வயதுக்கு மேல் மைதானத்தில் திடீர் மரணத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. இசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்க்கவேண்டும். டாக்டர் சொன்னால் டிரெட்மில் டெஸ்ட்டும் எடுக்கவேண்டும். ஆகும் செலவு ஒரு கோப்பைப் போட்டியின் ஜெர்சி செலவைத் தாண்டாது.

அடுத்தது பயிற்சி. பதினெட்டு வயதுப் பையன்களோடு அவரையும் வெயிலில் காய்ந்த கட்டாந்தரையில் இருபது ரவுண்டு ஓடவிட்டால் குதிகால் தசைநாணும் முழங்காலும் ஒரே மாதத்தில் பேசத் தொடங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு கடுமையான பயிற்சி போதும். ஆட்டம் முடிந்தால் அடுத்த கடுமையான பயிற்சிக்கு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். ஹாம்ஸ்ட்ரிங்குக்கு நார்டிக் பயிற்சி உண்டு: முட்டி போட்டு நிற்பவரின் கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இடுப்பை மடக்காமல் மெதுவாக முன்னால் சாயவேண்டும். முதல் வாரம் ஒரே நாள், ஐந்து முறை வீதம் இரண்டு செட். அடுத்த வாரம் இரண்டு நாள், ஆறு முறை. முதல் வாரத்திலேயே அதிகம் செய்தால் தொடை வலியில் ஆட்டமே போய்விடும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை காயாது, அதனால் உடல் சூடு இறங்காது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் வரை உப்பு சேர்ந்த பானம் கொடுங்கள்.

பிரேசில் ஸ்டாப்பர் தியாகோ சில்வா 2020இல் 35 வயதில் இங்கிலாந்தின் செல்சிக்கு வந்து மறு ஆண்டே ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் வென்றார். இறுதி ஆட்டத்தில் 39ஆவது நிமிடத்தில் காயத்தோடு அவர் வெளியேற, கிறிஸ்டென்சன் இறங்கி மீதியை ஆடி முடித்தார். அப்படி ஒரு ஆள் பெஞ்சில் தயாராக இருக்கவேண்டும். உள்ளூர் கிளப்பில் அது பெரும்பாலும் அதே இடத்தில் ஆடும் சின்னப் பையன். பிராக்டீஸில் அவனை மூத்தவர் பக்கத்திலேயே நிறுத்துங்கள், கடைசி அரை மணி நேரத்தை அவனுக்குக் கொடுங்கள். அறுபது நிமிடம்தான் ஆட்டம் என்ற இந்தக் கணக்கை மூத்தவரிடம் முதல் நாளே சொல்லிவிடவேண்டும். ஆட்டத்தின் நடுவே போர்டைத் தூக்கிக் காட்டி வெளியே எடுத்தால் அவர் மனம் கோணும், டிரெஸ்ஸிங் ரூமே இறுகிப்போகும்.

பணத்தை மொத்தமாக முன்பணமாகக் கொடுக்காதீர்கள்; ஆட்டத்துக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, காயமானால் சிகிச்சை கிளப் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். லீக் ஆட்டமாக இருந்தால், வேறு கிளப்பில் அவர் பெயர் இன்னும் பதிவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் முடியாமல் இறக்கினால், ஜெயித்த ஆட்டத்தின் புள்ளிகளும் எதிரணியின் புகாரில் பறிபோகலாம்.