பழைய டீசல் வேன்: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் நடக்கும் தவறுகள்

என்னிடம் இருந்த பழைய வேனில் கிளட்ச் கேபிள் அறுந்தது. புதிது மாட்டினேன். நாலே மாதத்தில் மிதி மறுபடி இறுகிப்போனது. மட்டமான கேபிள் போலிருக்கிறது என்று நல்லதாகப் பார்த்து இன்னொன்று போட்டேன். அதுவும் சில வாரங்களில் பிடிக்கத் தொடங்கியது. மூன்றாவது முறை கழற்றியபோதுதான் உறையை நீளவாக்கில் கீறிப் பார்க்கத் தோன்றியது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழாய் உருகிக் கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. கம்பியும் அங்கங்கே நீலம் பாய்ந்து கருத்திருந்தது. தேய்ந்த கம்பி பளபளக்கும், இழை இழையாகப் பிரியும், நீலம் பாயாது. அது சூடு பட்ட கம்பி.

கேபிளுக்குச் சூடு எங்கிருந்து வந்தது? இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை பச்சை பூத்து, ஒரு முனையில் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. செல்ஃப் அடிக்கும்போது டீசல் இன்ஜினுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் போகிறது. போன மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்கான பாதை அறுந்துவிட்டதால், இன்ஜின் பக்கம் ஒரு முனையும் பாடி பக்கம் ஒரு முனையுமாக இருந்த கிளட்ச் கேபிள் வழியே அது ஓடியிருக்கிறது. ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும் கேபிளைச் சுட்டிருக்கிறேன். பட்டையை மாற்றி, அது உட்காரும் இடத்தைப் பளிச்சென்று தேய்த்து முடுக்கிய பிறகு அடுத்த கேபிள் வருடக்கணக்கில் ஓடியது.

பழைய வேனில் எல்லாவற்றுக்கும் முதலில் நடக்கும் தவறு இதுதான்: கோளாறைப் பார்த்த உடனேயே 'இது கியர் வேலை', 'இது வயரிங் வேலை' என்று பிரித்துவிடுவது. மிதி இறுகினால் கிளட்ச் என்கிறோம், விளக்கு மங்கினால் பேட்டரி என்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒரே துருப்பிடித்த போல்ட்டாக இருக்கலாம்.

பீப் சத்தத்தை நம்புவது

மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, 'பீப்' கேட்டதும் வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவார்கள். தடித்த கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். ஆனால் செல்ஃப் மோட்டாரின் கரண்டை அந்த இழை தாங்காது. கேபிளுக்கு வேலை கொடுத்துத்தான் அளக்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். டீசல் பம்பில் டீசலைத் திறந்து மூடும் மின்வால்வான ஸ்டாப் சாலினாய்டின் வயரைக் கழற்றிவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் வெறுமனே சுற்றும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் பிடியுங்கள். முளைமேல் மாட்டிய கிளாம்பில் பிடிக்காதீர்கள். கிளாம்புக்கும் முளைக்கும் நடுவில்தான் பாதி கோளாறு ஒளிந்திருக்கும். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அளவு 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். 0.5-ஐத் தாண்டினால் வேறெதையும் தொடுவதற்கு முன் எர்த்தைச் சரிசெய்யுங்கள். பாசிட்டிவ் முளையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரைக்கும் இதே போல் பார்த்துவிடுங்கள், அங்கே 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம்.

ஓய்வில் இருக்கும் பேட்டரியை மட்டும் அளந்து திருப்திப்படுவதும் இதே வகைத் தவறுதான். 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9-க்குக் கீழே விழுந்தால் அதற்கு உள்ளே தெம்பில்லை. இன்ஜின் ஓடும்போது முளையில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அது வரவில்லை என்றால், பேட்டரிக்குச் சார்ஜ் போடும் ஆல்டர்னேட்டரைக் கழற்றத் தோன்றும். அதற்கு முன் பெல்ட்டைப் பாருங்கள். சாவி போட்டதும் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அந்தச் சிறு பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் தூண்டல் போகிறது. பல்பு பியூஸ் போனால் ஒழுங்கான ஆல்டர்னேட்டரும் சார்ஜ் போடாது. விளக்கு எரியாததை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு ஓட்டியவர்கள் பலர்.

ஸ்டார்ட் ஆகாத டீசல்

மெதுவாகச் சுற்றும் டீசல் இன்ஜின் பற்றிக்கொள்ளாது. காற்றை அமுக்கி வரும் சூட்டில்தான் டீசல் எரிகிறது. சுற்று குறைந்தால் அந்தச் சூடு வராது. இது தெரியாமல் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் பம்பையும் பிரித்துப்போடுகிறார்கள். நல்ல வேகத்தில் சுற்றியும் புகைக்குழாயில் துளிப் புகைகூட வரவில்லை என்றால் டீசலே உள்ளே போகவில்லை. அப்போது சாவியைப் போட்டு ஸ்டாப் சாலினாய்டில் 'டிக்' சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால், ஸ்டார்ட் ஆகுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், அதன் ரிலே ஆகியவற்றின் பக்கம் போகலாம். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். சேர்த்தே அளந்தால் உயிரோடிருக்கும் ஒன்று செத்த மூன்றை மறைத்துவிடும்.

கியர்பாக்ஸ்மேல் விழும் வீண்பழி

கியர் விழ மறுக்கிறது, கரகரவென்று பல் உரசுகிறது என்றதும் பெட்டியை இறக்கச் சொல்பவர்கள் உண்டு. முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நின்றபோது வெண்ணெய்போல் விழுந்து, ஓடும்போது மட்டும் மறுத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம், ஹைட்ராலிக் கிளட்ச்சாக இருந்தால் கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசியலாம். ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் ஓட்டத்தில் மாற்றும்போது உரசி, டபுள் கிளட்ச் அடித்தால் (நியூட்ரலில் ஒருமுறை கிளட்ச்சை விட்டு மறுபடி மிதித்தால்) சத்தமில்லாமல் விழுகிறது என்றால், பல் சேருமுன் வேகத்தைச் சமன் செய்யும் அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது.

சத்தத்துக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. நியூட்ரலில் ஓடும் வண்டியில், கிளட்ச்சிலிருந்து கால் எடுத்திருக்கும்போது இரைச்சல் கேட்டு, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸின் முன் பேரிங். மிதிக்கும்போதுதான் தொடங்குகிறது என்றால் ரிலீஸ் பேரிங். பின்சக்கரத்தில் இழுக்கும் வேன்களின் 4-ஆவது கியர் பெரும்பாலும் நேரடி ஓட்டம், அதாவது இன்ஜினின் சுற்று மாறாமல் அப்படியே பின்னால் போகும். அப்போது கீழ் ஷாஃப்ட்டின்மேல் பாரம் இருக்காது. மற்ற கியர்களில் உறுமி 4-இல் மட்டும் வாயை மூடிக்கொள்ளும் பெட்டியில் கீழ் ஷாஃப்ட்டின் பேரிங்கைச் சந்தேகியுங்கள். எந்தக் கியரிலும் மாறாமல், வண்டி வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும் முனகலுக்குச் சக்கர பேரிங்கோ டிபரன்ஷியலோ காரணமாகலாம். கிளம்பும்போது 'டொக்' என்று ஒரு அடி விழுந்தால் முதலில், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் மூட்டில் உள்ள கிராஸைப் பாருங்கள்.

மேட்டில் இழுக்கவில்லை என்றதும் கிளட்ச் பிளேட் மாற்றுவது இன்னொரு வீண் செலவு. வேகம் ஏறாமல் இன்ஜின் சுற்று மட்டும் எகிறினால்தான் கிளட்ச் வழுக்குகிறது. சுற்றும் சேர்ந்தே தொய்ந்தால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டர்போ குழாய் என்று போக வேண்டும்.

ஆயிலையும் சொல்லிவிடுகிறேன். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் 'இன்னும் உயர்ந்தது' என்று ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். ஜிஎல்-5 டிபரன்ஷியல் பற்களுக்காகச் செய்யப்பட்டது. அதிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளை சின்க்ரோ ரிங்குகளை அரிக்கக்கூடும். ரிங் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் ஆயில் வழுக்கவும் வைக்கும்.

ஆட்டோமேட்டிக் வேன் திடீரென்று ஒரே கியரில் பூட்டிக்கொண்டால் பெட்டி போய்விட்டது என்று பதறாதீர்கள். மின்னழுத்தம் குறைந்தாலும், வேக சென்சாரின் சிக்னல் விட்டுப்போனாலும், தன்னைக் காத்துக்கொள்ள அது அப்படிச் செய்யும். ஸ்கேனரில் வரும் கோளாறு எண்களை முதலில் எழுதி வையுங்கள். அழித்துவிட்டுத் தேடக் கூடாது. சென்சார் எண் வந்தால் சென்சாரே போச்சு என்று பொருளில்லை; கனெக்டரைப் பிரித்து ஆயில் ஏறியிருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஏழெட்டு எண்கள் மொத்தமாக வந்தால் மறுபடியும் பேட்டரிக்கும் எர்த்துக்கும்தான் போக வேண்டும்.

ராத்திரியில் இறங்கும் பேட்டரி

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முளைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஆம்பியர் மீட்டரை மாட்டி, ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கிப் பார்ப்பது சரியான வழி. கதவை மூடிய அரை மணி கழித்து 50 மில்லிஆம்பியருக்குள் வர வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும். எல்லா பியூஸையும் பிடுங்கியும் கரண்ட் இறங்கவில்லை என்று குழம்பி, முழு வயரிங்கையும் மாற்றியவரை எனக்குத் தெரியும். ஆல்டர்னேட்டரின் பெரிய கேபிள் பல வண்டிகளில் பியூஸ் பெட்டிக்குள் வருவதே இல்லை. ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்று கசிந்தால் பேட்டரி இரவெல்லாம் அதன் வழியே வடியும். பேட்டரி இணைப்பை முழுவதும் எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து அந்தக் கேபிளைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.